கேள்வி நேரம்: திருச்சிராப்பள்ளி, லால்குடி வட்டாரம்

கேள்வி நேரம் என்பது மக்கள் பிரதிநிதி ஒருவர் அரசின் செயல்களைப் பற்றி அமைச்சரிடம் அவையில் நேருக்கு நேர் கேட்டு விடை பெறும் முறை. அதற்கென ஒதுக்கிய பொழுதுக்கும் இதுவே பெயர். வினா நேரம் என்றும் வழங்கும். வாய்மொழி விடை வேண்டும் கேள்விக்கு நட்சத்திரக் குறி இடுவர். குறி இடாத கேள்விக்கு எழுத்தில் விடை வரும். அவசரமானவை குறுகிய கால அறிவிப்பில் கேட்கப்படும். முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் துறை அலுவலகத்தில் எழுதி வாங்கி வந்ததாக இருக்கும். அதை அமைச்சர் படித்து முடித்ததும் எழுகிற துணைக் கேள்விக்கு அப்படி எழுதிய தாள் கிடையாது. அதனால் இந்த முறையின் வரலாறு பெரும்பாலும் துணைக் கேள்வி கேட்கும் உரிமையின் வரலாறாகவே இருக்கிறது.

தோற்றம்: பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பதிவான முதல் கேள்வி 1721இல் பிரபுக்கள் சபையில் கேட்கப்பட்டது. ஊழலில் சிக்கிய தென்கடல் கம்பெனியின் காசாளர் நாட்டை விட்டு ஓடி பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டாரா என்று கௌப்பர் பிரபு கேட்டார். உள்நாட்டு ஊழலும் அயல்நாட்டு உறவும் அந்த ஒரே கேள்விக்குள் இருந்தன.

இந்தியாவில் 1861ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த ஆலோசனை சபைகளில் உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம் அதை வழங்கியது. ஆனால் துணைக் கேள்விக்கு இடம் தரவில்லை. 1893 பிப்ரவரி 16 அன்று பிங்கா அரசர் கேட்டதே முதல் கேள்வி எனக் குறிக்கப்படுகிறது. சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குச் சாமான் கொடுத்துத் தவிக்கும் கிராமத்துக் கடைக்காரர்களின் துன்பம் பற்றியது அது. பேரரசின் சபையில் எழுந்த முதல் கேள்வி ஒரு சிற்றூர்க் கடையைப் பற்றியதாக இருந்தது குறிப்பிடத்தக்கது. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் முதல் கேள்வியைக் கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றாயிற்று. 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் எந்த உறுப்பினரும் கேட்கலாம் என அது விரிந்தது.

மத்திய சட்டசபை: 1921இல் தொடங்கிய மத்திய சட்டசபை குளிர்காலத்தில் டெல்லியிலும் பின்னர் சிம்லாவிலும் கூடியது. 1927 முதல் டெல்லிக் கூட்டங்கள் இன்று பழைய நாடாளுமன்றக் கட்டடம் எனப்படும் இடத்தில் நடந்தன. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கிராமப்பகுதி முழுவதும், லால்குடி தாலுகா உட்பட, தஞ்சாவூர் மாவட்டத்தோடு சேர்ந்து ஒரே தொகுதியாக இருந்தது. சொத்தும் வரியும் உடையவர்களுக்கே வாக்குரிமை.

டெல்லியில் பதில் சொன்னவர்கள் சபைக்குப் பொறுப்பான அமைச்சர்கள் அல்லர். வைசிராயின் நிர்வாக சபை உறுப்பினர்களும் துறைச் செயலாளர்களுமே. வாக்கெடுப்பில் தோற்றாலும் அவர்கள் பதவி போகாது. சபை தள்ளிய நிதி மசோதாவை கவர்னர் ஜெனரல் தம் சான்றால் சட்டமாக்கிவிடலாம். இந்த நிலையில் அரசின் வாயிலிருந்து ஒரு உண்மையை அச்சில் ஏற்ற எதிர்க்கட்சிக்குக் கேள்வியைவிடச் சிறந்த கருவி இருக்கவில்லை.

அயலுறவில் அதற்கும் பூட்டு இருந்தது. பிரிட்டிஷ் அரசுக்கோ இந்திய அரசுக்கோ அயல்நாட்டு அரசுகளோடு உள்ள உறவைத் தொடும் பொருள்களும், சுதேச மன்னர்களோடு உள்ள உறவும் விதியின்படி கேட்கக்கூடாதவை. ஆனால் இலங்கை அயல்நாடன்று, பிரிட்டிஷ் குடியேற்றம். எனவே இலங்கை, மலாயா, தென்னாப்பிரிக்கா, சான்சிபார் ஆகிய இடங்களில் வாழ்ந்த இந்தியர்களைப் பற்றிக் கேட்க வழி திறந்திருந்தது. இவற்றுக்குப் பதில் சொன்னது கல்வி, சுகாதாரம், நிலம் என்ற மூன்றையும் கவனித்த துறை. அதன் செயலாளராக இருந்த கிரிஜா சங்கர் பாஜ்பாய் 1947க்குப் பின் நேருவின் வெளியுறவு அமைச்சகத்தில் முதல் தலைமைச் செயலாளரானார்.

இந்த வழி திருச்சிராப்பள்ளிக்கு வெறும் ஏட்டு விஷயமாக இருக்கவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் எடுப்பதை ஒழுங்குபடுத்த 1904இல் தோட்ட முதலாளிகள் அமைத்த இலங்கைத் தொழிலாளர் கமிஷன் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இரு பக்கத்து ஊர்களிலிருந்து கண்டிச்சீமை எனப்பட்ட இலங்கைத் தோட்டப்பகுதிக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு அயலுறவுக் கொள்கை என்றால் அது கூலி விகிதமும் கப்பல் சீட்டும் திரும்பி வரும் உரிமையும்தான்.

1934ஆம் ஆண்டுத் தேர்தலும் சத்தியமூர்த்தியும்: சட்டமறுப்பை நிறுத்திவிட்டுக் காங்கிரஸ் 1934 இறுதியில் மத்திய சட்டசபைத் தேர்தலில் நின்றது. சென்னை நகரில் நீதிக்கட்சியின் ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து எஸ். சத்தியமூர்த்தி (1887–1943) டெல்லி சென்றார். திருமயத்தில் பிறந்தவர்; புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தவர்; 1923 முதல் சென்னைச் சட்டசபையில் பயின்றவர். அவையில் காங்கிரஸ் கட்சிக்கு புலாபாய் தேசாய் தலைவர், சத்தியமூர்த்தி துணைத்தலைவர். சபைத் தலைவர் சர் அப்துர் ரகீம்.

எதிர் வரிசை வலுவானது. நிதிக்கு சர் ஜேம்ஸ் கிரிக், உள்துறைக்கு சர் ஹென்றி கிரெய்க், சட்டத்துக்கு சர் நிருபேந்திரநாத் சர்க்கார், ரயில்வேக்கும் வணிகத்துக்கும் சர் முகமது ஜபருல்லா கான், அயலுறவுக்குச் செயலாளர் சர் ஆப்ரி மெட்காப். இவர்களுக்கு எதிரே சத்தியமூர்த்தி கையாண்ட முறை எளிமையானது. ஒரு பெரிய கேள்வியைச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடைப்பார். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்துக்குப் பதில் சொல்பவரை அழைத்துவருவார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் யார் பரிசீலிக்கிறார்கள், எப்போது தொடங்கினார்கள், எப்போது முடிப்பார்கள் என்று அடுத்தடுத்து எழுவார். அரசுத் தரப்புக்குத் தப்பிக்க ஒரே வாசல் ‘எனக்கு முன்னறிவிப்பு வேண்டும்’ என்ற வாக்கியம். அந்த வாக்கியம் எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறை அரசு தயாராக வரவில்லை என்பது பதிவாகும். 

விதியின் வரம்புக்குள் அயலுறவை இழுத்து வந்ததும் அவருடைய திறமை. அயல்நாட்டு அரசைப் பற்றிக் கேட்க முடியாவிட்டால் அங்குள்ள இந்தியரைப் பற்றிக் கேட்பது. உறவைப் பற்றிக் கேட்க முடியாவிட்டால் செலவைப் பற்றிக் கேட்பது. 1934இல் சான்சிபார் அரசு கொண்டுவந்த கிராம்பு வணிகச் சட்டங்கள், 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து தனி ஆட்சிப்பகுதியாகப் பிரிந்தது, 1939இல் இலங்கை அரசு இந்திய நாட்கூலிகளை வேலையிலிருந்து நீக்கியது ஆகியவை அக்காலச் சபையைச் சுற்றிய பொருள்கள். கடைசியாகச் சொன்னதை ஒட்டி 1939 ஆகஸ்ட் 1 முதல் இலங்கைக்குக் கூலிவேலைக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது.

1937 மாகாணத் தேர்தலில் சத்தியமூர்த்தி பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். இராஜாஜியின் சென்னை அமைச்சரவையில் இடம் பெறவில்லை. அவருக்கு அதில் மனக்குறை இருந்தது என்று எழுதியவர் பலர். டெல்லிப் பணியே முக்கியம் என்று கட்சி கருதியது என்பாரும் உள்ளனர். எப்படியானாலும் கேள்வி கேட்பதில் ஈடில்லாதவர் பதில் சொல்லும் நாற்காலியில் ஒருநாளும் உட்காரவில்லை.

திருச்சிராப்பள்ளித் தொகுதியில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1934 தேர்தலில் அங்கிருந்து சென்றவர் ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். மருத்துவம் பயின்று லண்டன் சென்று, அங்கே வ.வே.சு. ஐயரோடு பழகியவர். 1930 ஏப்ரல் 13 அன்று வேதாரண்ய உப்பு யாத்திரை திருச்சியில் அவர் வீட்டிலிருந்தே புறப்பட்டது. டெல்லியில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ராஜன் 1937இல் மேலவை வழியாக இராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்து, சென்னையில் பொதுச் சுகாதாரத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்றார். 1939ஆம் ஆண்டு சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அவர் காலத்தது.

அவருக்குப்பின் அதே தொகுதியிலிருந்து டெல்லி சென்றவர் கே. சந்தானம். பின்னாளில் 1948 முதல் 1952 வரை ரயில்வேக்கு இணையமைச்சராக இருந்து அவரும் பதில் சொல்லும் பக்கத்துக்கு மாறினார். 1962இல் அமைந்த ஊழல் தடுப்புக் குழு அவர் பெயராலேயே சந்தானம் குழு எனப்படுகிறது. மத்திய கண்காணிப்பு ஆணையம் அதன் பரிந்துரையால் 1964இல் பிறந்தது.

1939 ஆகஸ்டில், சபையைக் கேட்காமல் இந்தியப் படைகளை எகிப்துக்கும் ஏடனுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பியதைக் கண்டித்து, அடுத்த கூட்டத்துக்குச் செல்ல வேண்டாம் எனக் காங்கிரஸ் தன் உறுப்பினர்களைப் பணித்தது. கேட்க விடாத அயலுறவே கேள்வி கேட்டவர்களை வெளியே கொண்டுபோயிற்று. சத்தியமூர்த்தி 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் கைதாகி, சிறைப்பயணத்தில் முதுகெலும்பில் காயப்பட்டு, 1943 மார்ச் 28 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தார்.

விடுதலைக்குப் பின்: அரசியலமைப்பு வந்தபின் பதில் சொல்பவர் சபைக்குப் பொறுப்பான அமைச்சரானார். நேரு 1964 வரை வெளியுறவைத் தம்மிடமே வைத்திருந்ததால் அயலுறவுக் கேள்விகளுக்குப் பிரதமரே எழுந்தார். பழைய தடை முற்றும் மறையவில்லை. நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடும் கேள்வி இன்றும் மக்களவையில் ஏற்கப்படாது.

லால்குடி வட்டாரத்தை நாடாளுமன்றம் முழுவதும் திரும்பிப் பார்த்த நாள் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 23 விடியற்காலை சென்னை–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூருக்கும் லால்குடிப் பக்கத்துக் கல்லகத்துக்கும் இடையே, வெள்ளம் அரித்த மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. இறந்தவர் தொகை நூலுக்கு நூல் வேறுபடுகிறது. 140க்கு மேல் என்பதில் ஒற்றுமை இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போது தாம் கொடுத்த விலகலை நேரு ஏற்காதிருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி மீண்டும் விலகினார். இம்முறை அது ஏற்கப்பட்டது. விபத்துக்குச் சாஸ்திரி பொறுப்பு என்பதால் அல்ல, முன்மாதிரி வேண்டும் என்பதால்தான் ஏற்பதாக நேரு அவையில் தெரிவித்தார். அமைச்சர் பொறுப்பு என்ற கொள்கையின் உச்சம் இது எனக் கொள்வோர் உண்டு. தனிமனித ஒழுக்கமே தவிர மரபாக நிலைக்கவில்லை என்போரும் உண்டு. ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசன்மீது தமிழ்நாட்டு மேடைகளில் எழுந்த கோபம் 1957 தேர்தல்வரை தணியவில்லை.

அடுத்த ஆண்டே துணைக் கேள்வியின் வலிமை வெளிப்பட்டது. 1957 செப்டம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போட்ட பணம் பற்றி மக்களவையில் எழுந்த கேள்வியை உறுப்பினர் பெரோஸ் காந்தி விடாமல் பின்தொடர்ந்தார். ஆறு நிறுவனங்கள், ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய். நீதிபதி சாக்ளா நடத்திய விசாரணைக்குப் பின் 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலகினார்.

1962இலும் 1967இலும் திருச்சிராப்பள்ளியில் வென்ற கே. ஆனந்த நம்பியார் ரயில்வே தொழிலாளர் இயக்கத்திலிருந்து வந்த பொதுவுடைமையர். 1964 அக்டோபர் 30 அன்று பிரதமர் சாஸ்திரி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவோடு கையெழுத்திட்ட ஒப்பந்தம், நாடற்றவராக இருந்த 9,75,000 இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்றும் பிரித்தது. அதன் விளைவுகள் திருச்சிக்கு வரவிருந்த அந்த நேரத்தில், 1964 டிசம்பர் இறுதியில், நம்பியாரும் புதுக்கோட்டை உறுப்பினர் ஆர். உமாநாத்தும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்க் காவலில் வைக்கப்பட்டனர். நாடாளுமன்றத்துக்குச் செல்லும் உரிமையை முன்வைத்து அவர்கள் தொடுத்த வழக்கில், முறையான காவல் ஆணை இருந்தால் உறுப்பினருக்குச் சாதாரணக் குடிமகனைவிட மேலான உரிமை இல்லை என்று 1965இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சத்தியமூர்த்தியின் மண்ணிலிருந்தும் ராஜனின் ஊரிலிருந்தும் தேர்வானவர்கள் கேள்வி நேரத்தில் இல்லாமல் காவலில் இருந்தது வரலாற்றின் ஒரு கசப்பான ஒற்றுமை.

1971, 1977 தேர்தல்களில் எம். கல்யாணசுந்தரம் திருச்சிராப்பள்ளித் தொகுதியில் வென்றார். இலங்கையோடு செய்த 1974 கச்சத்தீவு ஒப்பந்தம் பற்றிய அறிக்கைக்கு மக்களவையில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்; முன்பு பெரம்பலூரிலும் பின்பு கும்பகோணத்திலும் வென்ற இரா. செழியன் அவர்களில் ஒருவர். 1975 நெருக்கடிநிலையின்போது கேள்வி நேரம் நிறுத்தப்பட்டது.

மாநிலச் சட்டமன்றம்: அயலுறவு ஒன்றியப் பட்டியலில் இருப்பதால் சென்னையில் அதைக் கேள்வியாக எழுப்ப இயலாது; தீர்மானமாகவே வரும். லால்குடித் தொகுதியில் 1989இலும் 1996இலும் வென்ற கே.என். நேரு அமைச்சராகப் பதில் சொல்லும் பக்கத்தில் இருந்தார். 2006 முதல் நான்கு தேர்தல்களில் ஏ. சௌந்தரபாண்டியன் வென்றார்.

அண்மைக்காலம்: கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டனர். மாநிலங்களவை 2014இல் கேள்வி நேரத்தை நண்பகலுக்கு மாற்றியது. 2020 செப்டம்பர்க் கூட்டம் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் இல்லாமலே நடந்தது. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலிடப்பட்டாலும் ஒருசிலவே வாய்மொழி விடை பெறுகின்றன. தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையில் வருகிறது. லால்குடி 2009 முதல் பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் உள்ளது.

மத்திய சட்டசபையின் பழைய விவாதத் தொகுதிகள் இப்போது நாடாளுமன்ற மின்னூலகத்தில் கிடைக்கின்றன. அவற்றில் ராஜன், சந்தானம் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தஞ்சாவூர்-உடன்-திருச்சிராப்பள்ளி என்று அவர்கள் தொகுதி அச்சாகியிருக்கிறது.