தொழிற்சாலைப் பாதுகாப்பின் வரலாறு

தொழிற்சாலையொன்றிலே வேலை செய்வோரின் உடலையும் உயிரையும் காத்தற்கு முன்கூட்டியே திட்டம் வகுத்து, அத்திட்டத்தை நாடோறும் நடத்திச் செல்லல் வேண்டும் என்னுங் கொள்கையை இன்று வெளிப்படையாக மறுப்பார் இலர். ஆயின், இக்கொள்கை நிலைபெறுதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்காடல் வேண்டியிருந்தது. விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனமின்மையா, வேலைத்தலத்தின் அமைப்பா என்பதே அவ்வழக்கின் உள்ளீடு. அது முதன்முதல் விரிவாக நிகழ்ந்த நாடு இங்கிலாந்து. ஆதலின் அந்நாட்டு வரலாற்றையே ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

1784 ஆம் ஆண்டிலே மன்செஸ்ரர் நகருக்கு அண்மையிலுள்ள றட்கிளிவ் என்னுமிடத்துப் பஞ்சாலையொன்றிற் கடுங்காய்ச்சல் பரவியது. தோமஸ் பேர்சிவல் முதலிய வைத்தியர்கள் அதனை ஆராய்ந்து அறிக்கை விடுத்தனர். அவ்வாலை றொபேட் பீல் என்பாருக்கு உரியது. பின்னாளிற் பாராளுமன்றத்தில் அமர்ந்த அவரே 1802 ஆம் ஆண்டின் சட்டத்தைக் கொணர்ந்தார். ஆலைச் சுவர்களுக்கு ஆண்டில் இருமுறை சுண்ணாம்பு பூசுதல், காற்றோட்டத்துக்குப் போதிய சாளரம் அமைத்தல், தொழில் பயிலுஞ் சிறாரைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதிருத்தல் ஆகியன அதன் விதிகளுட் சில. மேற்பார்வை செய்வதற்கு நீதவான்கள் இருவரை நியமிக்கலாம் எனவும் அச்சட்டங் கூறிற்று. அவர்கள் அவ்வவ்வூரவர்; ஊதியம் பெறாதவர்; ஆலை முதலாளியுடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பவர். சட்டம் ஏட்டளவில் நின்றது வியப்பன்று.

இக்குறையை நீக்கியது 1833 ஆம் ஆண்டின் சட்டமாகும். சிறுவர்க்கு வேலை நேரத்தை வரையறுத்தமைக்காகவே அது பெரிதும் பேசப்படுகின்றது. எம் கருத்தில், அரசாங்கத்தின் ஊதியம் பெறுந் தொழிற்சாலைப் பரிசோதகர் நால்வரை அது நியமித்ததே அதனினும் பெரிய செயல். நாடு முழுவதற்கும் நால்வரே! எனினும், ஆலையின் வாயிலுட் புகுந்து வினவும் உரிமை அன்று முதல் ஒருவருக்கு உண்டாயிற்று. அந்நால்வருள் ஒருவராக விரைவிற் சேர்ந்தவர் லெனாட் ஹோணர். எடின்பறோவிற் பிறந்த இவர் புவிச்சரிதவியல் அறிஞர். இலண்டனிற் புதிதாக எழுந்த பல்கலைக்கழகத்தின் முதல் மேலாளராயிருந்தவர். 1859 வரை பரிசோதகராகக் கடமையாற்றிய இவருடைய தொண்டைக் கார்ல் மாக்ஸ் தமது ‘மூலதனம்’ என்னும் நூலிற் பாராட்டியுள்ளார். முதலாளிகளின் வெறுப்பையும் இவர் நிரம்பப் பெற்றார்.

பாதுகாப்பு என்னும் பொருள் சட்டத்திலே தெளிவாக இடம்பெற்றது 1844 இல். இயந்திரங்களின் அபாயமான பகுதிகளுக்கு வேலி அமைத்தல் வேண்டும்; ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சிறுவர் துடைத்தலாகாது; விபத்துற்றவர் மறுநாட் காலை ஒன்பது மணிக்குள் வேலைக்குத் திரும்பமுடியாதாயின் அவ்விபத்தை அறிவித்தல் வேண்டும்; சான்றளிக்கும் வைத்தியர் அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். இவற்றுள் அறிவித்தலைப் பற்றிய விதி பார்வைக்குச் சிறிது, பயனிற் பெரிது. எத்தனை பேர், எவ்விடத்து, எவ்வியந்திரத்தால் ஊனமுற்றனர் என்பதை அறியாதார் எதனைத் திட்டமிடுவர்? பரிசோதகர்களின் அரையாண்டு அறிக்கைகளில் விபத்துக்களின் தொகை ஏறியபின்னரே, அவை தனித்தனித் தலைவிதியாகத் தோன்றாது ஒரே வகைக் காரணத்தின் விளைவாகத் தோன்றலாயின.

அக்காரணங்களுட் கொடியது சுழல்தண்டு. நீராவிப் பொறியின் ஆற்றலை ஆலையெங்கும் கொண்டுசெல்லும் இவ்விரும்புத் தண்டுகள் கூரையருகே இடையறாது சுழன்றன. வார்ப்பட்டி கழன்றால் அதனை மாட்டுதற்கு ஏணியில் ஏறுபவனின் ஆடையோ கையோ தண்டிற் சிக்குமாயின், அவனைத் தூக்கிச் சுழற்றிக் கூரையில் மோதிவிடும். ஏழடிக்கு மேலுள்ள தண்டுகளைப் பரிசோதகர்கள் முதலிற் பொருட்படுத்தவில்லை. 1854 ஆம் ஆண்டு தொடக்கத்தில், உயரம் எதுவாயினும் வேலி வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தனர். முதலாளிகள் வெகுண்டனர். 1855 இல் மன்செஸ்ரரிற் சங்கங் கூட்டி, வழக்குச் செலவுக்குப் பணந் திரட்டினர். சார்ள்ஸ் டிக்கின்ஸ் நடத்திய வாரவிதழ் இச்சங்கத்தை வன்மையாகக் கண்டித்தது. ஹரியற் மாற்றினோ என்னும் எழுத்தாளரோ, முதலாளிகளின் பக்கம் நின்று ஒரு சிறு நூல் வெளியிட்டார். கவனமில்லாதவனைச் சட்டம் காத்தல் இயலாது என்பது அக்கட்சியின் வாதம். 1856 இல் அக்கட்சியே வென்றது. பெண்களும் இளையோரும் சிறுவரும் அணுகக்கூடிய பகுதிகளுக்கு மாத்திரமே வேலி போதும் எனச் சட்டந் தளர்த்தப்பட்டது. உயரத்திலுள்ள தண்டிடம் ஏறுவோர் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள்; அவர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்க என்பது அதன் பொருளாயிற்று.

உடலைச் சிதைக்கும் இயந்திரம் கண்ணுக்குத் தெரியும். நஞ்சோ தூசியிலும் ஆவியிலும் மறைந்துள்ளது. மட்பாண்டங்களுக்கு மெருகூட்டுதல், வெள்ளீயம் என வழங்கும் ஈயவண்ணம் செய்தல் முதலிய தொழில்களில் ஈயநஞ்சு பலரை வாட்டியது. 1895 இல் ஈயநஞ்சு நோய் அறிவிக்கப்படவேண்டிய நோய்களுட் சேர்க்கப்பட்டது. 1898 இல் தோமஸ் லெக் என்பவர் முதலாவது வைத்தியப் பரிசோதகராக நியமனம் பெற்றார். 1900 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஈயநஞ்சு நோயாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். பத்தாண்டிலே அத்தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கை கழுவுக என்ற அறிவுரையைக் காட்டிலும், தூசி எழுமிடத்திலேயே அதனை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிகளையே அவர் நம்பினார். முதலாளி செய்யவேண்டியன யாவற்றையுஞ் செய்து முடிக்கும்வரை தொழிலாளி தன்னைக் காத்தற்குச் செய்யக்கூடியது மிகச் சொற்பமே என்பது லெக்கின் முதற் கோட்பாடு. தொழிலாளியின் விருப்பு வெறுப்பைச் சாராத காப்பே நிலைக்கும் என்பது அதனையடுத்த கோட்பாடு. கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளீயப் பூச்சைத் தடைசெய்யும் 1921 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையைப் பிரித்தானியா ஏற்க மறுத்தபோது, லெக் 1926 இற் பதவி துறந்தார். உத்தியோகத்தைக் கொள்கைக்காக விடுவோர் எந்நாட்டிலும் அரியர்.

ஆயினும், அறிவு செயலாதற்கு எத்துணைக் காலந் தாழ்க்கும் என்பதற்கும் அக்காலமே சான்று. பெண் பரிசோதகருள் ஒருவரான லூசி டீன், கன்னார்த் தூசியின் கேட்டை 1898 ஆம் ஆண்டு அறிக்கையிலேயே குறிப்பிட்டார். அதன் துகள்கள் கண்ணாடிச் சில்லுப்போற் கூரியன என உருப்பெருக்கிக் கண்ணாடி காட்டிற்று. கன்னார்த் தொழிலுக்கு விதிகள் பிறந்ததோ 1931 இல். இடைப்பட்ட முப்பத்துமூன்று ஆண்டுகளிற் சுவாசித்தவர்க்கு யார் விடை கூறுவர்?

1974 ஆம் ஆண்டில், றோபன்ஸ் பிரபுவின் தலைமையில் அமைந்த குழுவின் ஆலோசனைப்படி, பிரித்தானியச் சட்டம் வேறொரு வழியை மேற்கொண்டது. விதிகளை அடுக்குதலோடு அமையாது, ஒவ்வொரு முதலாளியும் தமது பாதுகாப்புக் கொள்கையை எழுத்தில் வரைந்து தொழிலாளருக்கு அறிவித்தலும், தொழிலாளர் பிரதிநிதிகளோடு கலந்தாலோசித்தலுங் கடமையாயின. இன்று பாதுகாப்புத் திட்டம் எனப் பாடநூல்கள் விரிப்பது பெரும்பாலும் இதுவே.

இலங்கையில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 இலும், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இலும் இயற்றப்பட்டன. விபத்தின்பின் பணங் கொடுத்தல் முந்தியும் விபத்தைத் தடுத்தல் பிந்தியும் வந்த அடைவு இங்கிலாந்தில் நிகழாத ஒன்று. 1942 ஆம் ஆண்டின் சட்டம் பிரித்தானியாவின் 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது. சுழல்தண்டு முதலியவற்றுக்கு வேலி வேண்டும் என்பதே அங்கும் பொதுவிதி. அமைந்த இடத்தால் வேலியிட்டதற்கு ஒப்பாகக் காப்புடைய பகுதிக்கு மாத்திரம் விலக்குண்டு. ஆனால் அக்காப்பு அங்கு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் உரியதாதல் வேண்டும். ஹோணர் 1856 இல் இழந்த வழக்கு, ஏணியில் ஏறும் ஆடவனையும் உள்ளடக்கி, இவ்வாறு நம் நாட்டுச் சட்டத்திலும் புகுந்தது.