ஃபேமிலி டென்ட் வாங்கப் போறீங்களா? பெட்டியில் இருக்கும் இரண்டு வார்த்தைகளை அப்படியே நம்பாதீங்க

நள்ளிரவு 2 மணி. ஏரிக்கரையில் டென்ட் போட்டிருக்கிறீர்கள். குழந்தை தூங்கிவிட்டது. முதலில் தூறல்தான். பத்து நிமிடத்தில் தையல் வழியாக ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று. அரை மணி நேரத்தில் தரையில் விரித்த போர்வை நனைந்துவிட்டது. கார் பார்க்கிங்கோ கொஞ்சம் தூரத்தில். ஆன்லைனில் சுமார் 2,000 ரூபாய்க்கு வாங்கிய அந்த டென்டின் பெட்டியில் '4 பேர்', 'வாட்டர்ப்ரூஃப்' என்றுதான் போட்டிருந்தது.

பெங்களூரு, புனே, ஹைதராபாத் போன்ற நகரங்களில் வேலை பார்க்கும் பலருக்கு வார இறுதி கேம்பிங் இப்போது பழகிவிட்டது. கல்யாணமாகி, குழந்தையும் வந்த பிறகு 'சொந்தமா ஒரு டென்ட் வாங்கிடலாமே' என்று தோன்றுவது இயல்பு. குறைந்த பட்ஜெட்டில் நல்ல டென்ட் கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் பணத்தை எதில் செலவிடுவது, எதில் மிச்சம் பிடிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

'4 பேர் டென்ட்' என்றால் 4 பேர் படுக்கலாமா?

படுக்கலாம், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. தயாரிப்பாளர்கள் பொதுவாக ஒருவருக்கு 55 முதல் 60 சென்டிமீட்டர் அகலம் என்று கணக்குப் போடுகிறார்கள். ரயிலில் ஸ்லீப்பர் பெர்த் எவ்வளவு அகலமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். பைகள், செருப்பு, தண்ணீர் கேன் வைக்கிற இடம் இந்தக் கணக்கில் சேராது.

அதனால் எண்ணிக்கையைப் பார்க்காமல் தரையின் நீள அகலத்தைப் பாருங்கள். பாயில் வரிசையாகப் படுத்துப் பழகிய குடும்பம் என்றால் கணவன், மனைவி, ஒரு சின்னக் குழந்தைக்கு '4 பேர் டென்ட்' சரியாக இருக்கும். இரண்டு குழந்தைகள், அல்லது அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள் என்றால் '6 பேர்' அளவுக்குப் போங்கள். வாங்கும் முன் அந்த அளவை வீட்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்து, எல்லோரும் ஒருமுறை படுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் படத்தைப் பார்த்து ஏமாற மாட்டீர்கள்.

உயரத்தையும் கவனியுங்கள். முழங்காலிட்டுத்தான் உடை மாற்ற முடியும் என்றால் உங்களுக்குச் சமாளிக்கக்கூடியதாக இருக்கலாம், மூட்டு வலி உள்ள அம்மாவுக்கு முடியாது.

'வாட்டர்ப்ரூஃப்' என்றால் என்ன?

எழுதுவதற்கு எளிதான வார்த்தை. அதற்குப் பின்னால் ஒரு எண் இருக்க வேண்டும். துணியின் மேல் நீர்த்தூண் ஒன்றை நிறுத்தினால் எவ்வளவு உயரம் வரை நீர் கசியாமல் தாங்கும் என்று சோதித்து, அதை மில்லிமீட்டரில் குறிப்பிடுவார்கள். மேல் துணிக்கு 1,500 மி.மீ-க்குக் குறையாமல் பாருங்கள், 2,000 இருந்தால் நிம்மதி. தரைத்துணிக்கு இதைவிட அதிகம் வேண்டும். நீங்கள் முழங்காலை ஊன்றும்போது ஈரத் தரையிலிருந்து நீர் அழுத்தத்தோடு மேலே வரும். தரைக்கு 3,000 அளவில் இருந்தால் நல்லது. தார்ப்பாய் போன்ற கெட்டித் துணியிலும் தரை வரும், அதுவும் ஓகே.

எண்ணே போடாமல் 'வாட்டர்ப்ரூஃப்' என்று மட்டும் இருந்தால் அதைப் பனித்துளிக்கான டென்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எண் மட்டும் போதாது. இன்னும் மூன்று விஷயங்கள் பாருங்கள்:

• தையல்: துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசித் துளை வழியாக நீர் இறங்கும். உள்பக்கம் தையல் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும்.

• ரெயின் ஃப்ளை: டென்டுக்கு மேல் தனியாகப் போர்த்தும் இரண்டாவது துணி இது. விலை குறைந்த பல டென்ட்களில் உச்சியில் மட்டும் தொப்பி போலச் சின்னதாக இருக்கும். காற்றோடு சாய்வாக அடிக்கும் மழைக்கு அது எந்த உதவியும் செய்யாது. தரை வரை இறங்கும் ஃப்ளை வேண்டும்.

• தரைத்துணியின் ஓரம்: தொட்டி போல நாலாபக்கமும் சில அங்குலம் மேலே ஏறி நின்றால் ஓடிவரும் தண்ணீர் உள்ளே வராது.

இரண்டு அடுக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரவு முழுக்க நாம் மூச்சில் விடும் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகும். ஒற்றைத் துணி டென்டில் அது நேராகத் தலையில் சொட்டும். 'மழையே பெய்யலை, எப்படி நனைஞ்சுது?' என்று குழம்புவது இதனால்தான்.

எவ்வளவு பட்ஜெட் போதும்?

தோராயமாக இப்படிப் பிரிக்கலாம். 2,000 ரூபாயை ஒட்டி வரும் ஒற்றைத் துணி டென்ட், பகலில் நிழலுக்கும் மொட்டை மாடியில் குழந்தைகள் விளையாடவும் போதும். இரண்டு அடுக்கு, முழு ஃப்ளை, டேப் ஒட்டிய தையல் வேண்டும் என்றால் 5,000 முதல் 10,000 வரை ஆகலாம். குடும்பத்துக்கு இந்த வகைதான் சரி. நிமிர்ந்து நிற்கும் உயரம், தனி அறைகள் என்றால் 10,000-க்கு மேல் போகும்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்? எறிந்தால் விரியும் 'பாப்-அப்' வசதி கட்டாயமில்லை. அதை மடித்தால் பெரிய வட்டத் தட்டு போல ஆகிவிடும், சின்னக் காரின் டிக்கியில் லக்கேஜோடு வைப்பது கஷ்டம். கம்பிகள் அலுமினியமாக இருந்தால் எடை குறையும், ஆனால் காரிலேயே போய் இறங்குபவர்களுக்கு ஃபைபர்கிளாஸ் போதும். மலையேற்றத்துக்கான எடை குறைந்த மாடல்களுக்கும் காசு கொட்ட வேண்டாம்.

வருடத்துக்கு இரண்டு, மூன்று இரவுகள்தான் என்றால் வாங்கவே வேண்டாம். பெரிய நகரங்களில் ட்ரெக்கிங் பொருட்களை வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. முதல் இரண்டு பயணத்தை வாடகை டென்டில் முடித்தால், உங்கள் வீட்டுக்கு எந்த அளவு ஒத்துவரும் என்பதும் புரிந்துவிடும்.

வெயில், கொசு?

வெளிநாட்டு ரிவ்யூக்களில் பெரும்பாலும் குளிரைப் பற்றித்தான் பேசுவார்கள். நமக்குப் பிரச்சினை காலை 7 மணி வெயில். இரண்டு எதிர்ப் பக்கங்களில் வலை ஜன்னல் இருந்தால்தான் காற்று குறுக்கே போகும். வலை, கொசு நுழையாத அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். ஜிப்பை நாலைந்து முறை வேகமாக இழுத்துப் பாருங்கள். ஜிப் போனால் வலை இருந்தும் பயனில்லை.

டெலிவரி வந்ததும் என்ன செய்வது?

பயணத்தன்று முதல்முறையாகப் பிரிக்காதீங்க. ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் மொட்டை மாடியில் விரித்து நிறுத்துங்கள். கம்பிகள், ஆணிகள், கட்டுக்கயிறுகளை எண்ணுங்கள். உள்ளே உட்கார்ந்து பகல் வெளிச்சத்தில் துணியில் ஊசித்துளை தெரிகிறதா, டேப் எங்காவது பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஹோஸ் பைப்பால் கால் மணி நேரம் தண்ணீர் அடியுங்கள். எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள்.

கசிந்தால்? பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாவிட்டாலோ விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யலாம்.

எந்த டென்டும் காப்பாற்றாத விஷயங்கள்

முதலாவது, நெருப்பு. குளிருக்காகக் கரி அடுப்பையோ கேஸ் ஸ்டவ்வையோ டென்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. மூடிய இடத்தில் உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர்கள் எழுந்திருக்காமலே போகலாம். அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தி வட இந்தியாவில் குளிர்காலம்தோறும் வருகிறது. கொசுவத்திச் சுருளும் உள்ளே வேண்டாம். பாலியஸ்டர் துணி நொடியில் உருகிப் பற்றும்.

இரண்டாவது, இடம். வறண்ட ஆற்றுப்படுகையில் டென்ட் போடாதீங்க, மேலே எங்கோ பெய்த மழை இரவில் வெள்ளமாக வரலாம். காய்ந்த கிளைகளுக்கும் தென்னைக்கும் கீழே வேண்டாம். இடி மின்னல் என்றால் டென்டை விட்டுக் காருக்குள் போங்கள்.

மூன்றாவது, காடு. 2021 ஜனவரியில் கேரளத்தின் வயநாடு மாவட்டம் மேப்பாடியில், டென்ட் வசதி கொண்ட தனியார் ரிசார்ட் ஒன்றில் தங்கியிருந்த இளம்பெண் காட்டு யானை தாக்கி உயிரிழந்தார். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப் பகுதியில் தங்கக் கூடாது. பணம் கட்டித் தங்கும் கேம்ப் சைட் என்றாலும் உரிமம் இருக்கிறதா, யானை நடமாட்டம் உண்டா, இரவுக் காவல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புக் செய்யுங்கள்.

எத்தனை வருடம் உழைக்கும்?

அது திரும்பி வந்த பிறகு நீங்கள் செய்வதைப் பொறுத்தது. ஈரத்தோடு மடித்து லாஃப்டில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். துணியின் உள்பூச்சு பிசுபிசுத்து, நாற்றமடித்து உரியத் தொடங்கும். அதன் பிறகு மழை தாங்காது. ஞாயிறு இரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும் பால்கனிக் கொடியில் விரித்துப் போடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் மண்ணைத் தட்டிவிட்டு, இறுக்கிச் சுருட்டாமல் தளர்வாக மடித்து வையுங்கள்.

ஆர்டர் போடும் முன் மறுபடி ஒருமுறை பாருங்கள்: தரை அளவு, மில்லிமீட்டர் எண், முழு ஃப்ளை, டேப் ஒட்டிய தையல், ரிட்டர்ன் தேதி. இந்த ஐந்தும் சரி என்றால் நிறம், பிராண்ட் எல்லாம் உங்கள் இஷ்டம்.