மூன்றைந்துப் புத்தகமும் முகநூலும்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் சம்பள நாள் என்பது ஒரு சிறு திருநாள். அலுவலகத்து முன்றிலில் கிராணி பெயர் படித்துப் பணம் கொடுத்து முடிப்பதற்குள், லயங்களுக்குச் செல்லும் செம்மண் பாதையின் இருமருங்கிலும் துணி மூட்டைகளும் வளையல் பெட்டிகளும் பலகாரத் தட்டுகளும் வரிசை பிடித்துவிடும். ஆயினும் தொழிலாளி கையில் வாங்கிய பணத்தின் பெரும்பகுதி அக்கடைகளுக்குப் போனதில்லை. அது முதலில் சென்று சேர்ந்த இடம் தோட்டத்து மளிகைக் கடையே. அங்குக் கடைக்காரரின் மேசைமேல் உள்ளங்கை அளவே உள்ள ஒரு புத்தகம் காத்திருந்தது. அதன் அட்டையில் 555 என்னும் எண் அச்சிடப்பட்டிருந்தது. மலாய் மக்கள் ‘புக்கு தீகா லீமா’ என வழங்கிய அச்சிறு புத்தகத்தில் அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் என ஒரு குடும்பத்தின் ஒரு மாத வாழ்வு முழுவதும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும்.

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக்கின் காடுகள் பல ரப்பர்த் தோட்டங்களாக உருமாறின. பட்டணத்திலிருந்து பல கல் தொலைவில், சைக்கிளே பெரும் ஊர்தியாயிருந்த காலத்தில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிக்குத் தோட்டக் கடையன்றி வேறு கடை எட்டாக்கனி. விலை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை, கையில் காசுமில்லை. ஆகவே கடனுக்கு வாங்குதலே வாங்கும் முறையாயிற்று. தமிழ் நாவல்களும் சிறுகதைகளும் இக்கடனைப் பலவாறு பேசியுள்ளன. அக்கடைக்காரரை வள்ளலாகக் காட்டுவோரும் உளர். அட்டையெனக் காட்டுவோரும் உளர். உண்மை இரண்டுக்கும் இடைப்பட்டது. மகப்பேற்றுக்கும் இழவுக்கும் கேளாமலே சாமான் கொடுத்தனுப்பியவரும் அவரே. எழுதப் படிக்கத் தெரியாதவளின் கணக்கில் ஒரு வரி கூட்டி எழுதும் வாய்ப்பைப் பெற்றிருந்தவரும் அவரே. கடன் தீராதவன் தோட்டம் மாறுதல் எளிதன்று. கடந்த காலத்தைப் பொற்காலமாகப் பாடும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அப்பாட்டுக்கு இங்கு இடமில்லை.

ஆயினும் ஒன்று குறிக்கத்தக்கது. அக்கடைக்காரர் தம் வாடிக்கையாளரை முழுதும் அறிந்திருந்தார். எந்த வீட்டில் எத்தனை வாய், எவர் எந்தச் சுருட்டைப் புகைப்பார், எந்தப் பெண்ணுக்குத் தைமாதம் திருமணம் என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவ்வறிவே அவரது முதல். ஆனால் வாடிக்கையாளரும் அவரை அறிந்திருந்தார். கடைக்காரரின் வீடு எது, அவர் ஊர் எது, படிக்கல் சரியா, சொல் சரியா என்பன லயத்துக் குழாயடியில் நாள்தோறும் ஆராயப்பட்டன. புழுத்த அரிசியைக் கொடுத்தவர் மறுநாட் காலையில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். சட்டம் எட்டாத இடத்தில் வாணிகத்தை ஓரளவேனும் நேர்வழியில் நிறுத்தியது இவ்விருவழி அறிமுகமே.

விளம்பரம் என்பதும் அக்காலத்துக்குப் புதியதன்று. கள் விற்கும் கடைமீது கொடி பறந்ததைப் பட்டினப்பாலையே பேசுகிறது. மலாயாவில் எழுத்தறியாத பன்மொழித் தொழிலாளரை நோக்கிய வணிகர், எழுத்தை விட்டுப் படத்தைப் பற்றிக்கொண்டனர். 1928ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றிய மருந்தெண்ணெய் ஒன்று கோடாலிப் படத்தைத் தாங்கி வந்தது. அதன் ஆங்கிலப் பெயரை அறியாதவரும் ‘கோடாலித் தைலம்’ என்று கேட்டு வாங்கினர். மலாயாவிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பெட்டியில் அது தவறாது இடம்பெற்றுத் தமிழகத்துச் சிற்றூர்களுக்கும் சென்று சேர்ந்தது. பெட்டியைத் திறந்து உறவினருக்கு ஆளுக்கொரு குப்பி எடுத்துக் கொடுத்த பயணியைவிடச் சிறந்த விளம்பரதாரரை எந்த நிறுவனம் பெற்றிருக்கக்கூடும்?

புலித் தைலத்தின் வரலாறு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. இரங்கூனில் பிறந்து, சிங்கப்பூருக்கு வாணிகத்தை மாற்றிய ஆவ் பூன் ஹாவ், புலித்தலை பொருத்திய மோட்டார் வண்டியில் ஊர்வலம் வந்து தம் தைலத்தை விற்றவர். அவர் 1929ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ‘சின் சியூ ஜிட் போ’ என்னும் சீன நாளிதழைத் தொடங்கினார். பிற இதழ்களுக்கு விளம்பரக் கூலி கொடுப்பதைக் காட்டிலும் தாமே ஓர் இதழை நடத்துதல் இலாபம் என்று அவர் கண்டதும் அதற்கொரு காரணம். செய்தி தருபவனும் சரக்கு விற்பவனும் ஒருவனாதல் என்பது இந்நூற்றாண்டின் புதுமையன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

தமிழர் தரப்பில் 1924இல் தோன்றிய தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் விளம்பரத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தன. ஓர் இதழைப் பலர் கேட்க ஒருவர் படிப்பார். இடையே விளம்பரமும் படிக்கப்படும். அப்பொழுதே அது பற்றிய தீர்ப்பும் வழங்கப்படும். “அந்த லேகியத்தைத் தின்றுதான் நம் தண்டலுக்கு வயிறு கெட்டது” என்று எவரேனும் ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், அச்சிட்ட புகழுரை அவ்விடத்திலேயே அடங்கிவிடும். விளம்பரத்தைத் தனியே கேட்டவர் அரியர்.

அறிந்த முகத்தின் சொல்லுக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதை அறியப் பேராக்கிலேயே ஒரு பெருஞ்சான்று உளது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தோட்டந்தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேருமாறு பால்மரம் சீவுவோரை வேண்டினார். கையால் தொட்டுப் பார்க்க இயலாத ஒன்றை, நாளை வரக்கூடிய ஒரு நிலத்தை, மாதக் கடனில் மூழ்கியிருந்தவர்கள் காசு கொடுத்து வாங்கினர். கேட்டவர் இன்னார் என்பதை அறிந்தே வாங்கினர். நம்பிக்கை பொய்த்தால் போய்க் கேட்பதற்கு ஒரு வாசல் இருந்தது.

எழுபதுகளில் இந்நம்பிக்கையையே சரக்காக்கும் வாணிகம் ஒன்று நாட்டுக்குள் புகுந்தது. கடையின்றி, வீட்டுக்கு வீடு, உறவினர் வழியே விற்கும் நேரடி விற்பனை முறை அது. ஆம்வே நிறுவனம் 1976இல் மலேசியாவில் கால் பதித்தது. அதனையொத்த பிறவும் பெருகின. அக்காள் தங்கைக்கும், தங்கை தன் நாத்தனாருக்கும் பொருள் விற்றனர். வேண்டாவென்று மறுத்தால் பொருளையன்று, உறவையே மறுத்ததாக ஆயிற்று. பண்டம் நல்லதாயிருந்த இடங்களில் இதனால் தீங்கில்லை. ஆட்சேர்ப்பையே வாணிகமாக்கிய கும்பல்களும் அதே வழியில் வந்தமையால், அரசாங்கம் 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தை இயற்ற நேர்ந்தது. இன்றைய சமூக ஊடக வாணிகத்தின் தாய் செய்தித்தாள் விளம்பரமன்று. இந்த நாத்தனார் வாணிகமே. இதனை மறந்துவிட்டுப் பழியனைத்தையும் கைப்பேசியின் மேல் சுமத்துதல் வரலாறாகாது.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தைப்பிங் ஆகிய ஊர்களின் தாமான்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் சிதறிக் குடியேறின. கடனோடு கடைக்காரரும் போனார், குழாயடியும் போனது. பேரங்காடியின் தள்ளுவண்டிக்குப் பின்னே நின்ற பெண்ணை அங்கே எவரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. இவ்வெறுமையை மனத்திற்கொண்டு பார்த்தாலன்றிப் பின்வந்தது விளங்காது.

முகநூல் 2006இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. புலனம் 2009இல் தோன்றியது. டிக்டாக் 2017இல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. சிதறிய தோட்டத்து உறவுகள் முதலில் இவற்றில் ஒன்றுகூடியது விற்பதற்கன்று, பேசுவதற்கே. வாணிகம் பின்னால் வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது கடைகள் அடைபட்டன. கைத்திரை ஒன்றே திறந்திருந்தது. அவ்வாண்டுத் தீபாவளியும் கட்டுப்பாடுகளுக்கிடையேதான் வந்தது. ஈப்போ லகாட் சாலையின் சின்ன இந்தியாவில் நெருக்கியடித்துச் சேலை தேடியவர்கள், வீட்டிலிருந்தபடியே நேரலையில் சேலை தேடினர். 2022இல் டிக்டாக் தன் தளத்துக்குள்ளேயே கடையைத் திறந்தது. ஆவ் பூன் ஹாவ் இதழ் நடத்தித் தைலம் விற்றார். இங்கோ இதழே கடையாயிற்று.

நேரலை விற்பனையைப் பார்த்தோர் அறிவர். விற்பவர் “அக்கா”, “தங்கச்சி” என்றழைத்துப் பேசுகிறார். குழந்தையின் நலம் கேட்கிறார். “இன்னும் இரண்டே இரண்டுதான்” என்கிறார். பார்ப்பவர் எண்ணைத் தட்டச்சு செய்கிறார். குழாயடியின் குரலும் சம்பள நாட் சந்தையின் பரபரப்பும் ஒருங்கே மீண்டதுபோல் தோன்றுகின்றன. ஆனால் அன்று விளம்பரத்தைக் கூடியிருந்து கேட்டனர். இன்று ஒவ்வொருவரும் தனித்தனித் திரையில் தனித்தனிச் சரக்கைக் காண்கின்றனர். எந்தப் படத்தின்மேல் விரல் தயங்கி நின்றது, எதனை இருமுறை பார்த்தார் என்பவற்றை அல்காரிதம் எனப்படும் கணக்கீட்டு முறை குறித்துக்கொண்டு, அடுத்து எதனைக் காட்டுவதென முடிவு செய்கிறது. மூன்றைந்துப் புத்தகத்தில் வாங்கியவை மட்டுமே எழுதப்பட்டன. இப்புத்தகத்திலோ வாங்க நினைத்தவையும் எழுதப்படுகின்றன. அதன் பக்கங்களை வாடிக்கையாளர் புரட்டிப் பார்ப்பதற்கில்லை. தண்டல் வயிறு கெட்ட கதையைச் சொல்லவும் அருகில் ஆளில்லை. கருத்துப் பகுதியில் சொன்னால் விற்பவர் அதனை நீக்கிவிடலாம்.

நன்மையையும் மறைத்தல் தகாது. முறுக்குப் பிழியத் தெரிந்த தாய் ஒருத்தி, கடை வாடகையின்றிப் புலனக் குழுவிலேயே தன் பண்டத்தை விற்கும் வாய்ப்பு முன் எக்காலத்தும் இருந்ததில்லை. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தோர் வளர்த்த ஈப்போ புந்தோங் ‘கச்சாங் பூத்தே’ ஒரு காலத்தில் தெருக்கூவலாலும் ஒரு பிடி மாதிரியாலும் விலைபோயிற்று. இன்று கைத்திரை வழியாகவும் பொட்டலங்கள் செல்கின்றன. இத்தகையோருக்கு இவ்வூடகம் உண்மையிலேயே ஒரு கொடை.

கடனும் உருமாறித் திரும்பியுள்ளது. ‘இப்பொழுது வாங்கு, பிறகு கொடு’ என்னும் முறையில் ஒரு விரல் தொடலில் மூன்று தவணை, ஆறு தவணை எனப் பொருள் கைக்கு வருகிறது. தவணைக் கொள்முதலுக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், இப்புதுக் கடன் பல ஆண்டுகள் அதன் வேலிக்கு வெளியே மேய்ந்தது. 2025இல்தான் பயனீட்டாளர் கடன் மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. கடைக்காரர் கடனைக் கூட்டும்போது முகத்தைப் பார்த்து, “போன மாதப் பாக்கி இருக்கிறதே அம்மா” என்று ஒரு சொல் சொல்வார். அச்சொல் சுட்டது உண்டு. பலரைக் காத்ததும் உண்டு.

பயனீட்டாளர் என்ற சொல்லை மலேசியத் தமிழருக்குப் பழக்கியதில் 1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. நாட்டில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் அதன்வழி அமைந்த பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயமும் இருக்கின்றன. இணையத்தில் விற்போர் தம் பெயரையும் தொடர்பு விவரத்தையும் முழு விலையையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டுமென 2012இல் வகுக்கப்பட்ட விதிகள் கூறின. ஆயினும் ‘விலையறியத் தனிச்செய்தி அனுப்புக’ என்னும் வரி பக்கத்துக்குப் பக்கம் தொடர்ந்தது. இணைய மோசடியில் பணமிழந்தோர் உடனே அழைப்பதற்கென 2022இல் 997 என்னும் எண்ணே ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுப்பதற்கான கட்டணம் ஐந்து ரிங்கிட்டாக வைக்கப்பட்டது, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. ஏழைக்கு எட்டும் நீதி என்று அதனைத் தயங்காது கூறலாம். ஆனால் அதன் படிவத்தில் எதிர்த்தரப்பினரின் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டிய கட்டங்கள் உள்ளன. சாயம் போன சேலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படிவத்தின்முன் அமரும் பெண்ணுக்கு விற்றவரின் முகம் தெரியும், குரல் தெரியும், அவர் குழந்தையின் செல்லப் பெயர்கூடத் தெரியும். அக்கட்டங்களில் எழுத அவளிடம் ஒரு புனைபெயரும், அழைத்தால் எடுபடாத ஒரு கைப்பேசி எண்ணுமே உள்ளன.