மெழுகுக் கயிறும் மின்கம்பிக் கட்டும்: ஒரு தொழினுட்ப வரலாற்று நோக்கு

தொழினுட்ப வரலாற்றினை எழுதுவோர் பெரும்பாலும் பெரும் புத்தாக்கங்களையே வரிசைப்படுத்திச் செல்வர். தொலைபேசி, வானூர்தி, விண்கலம் என்பன அவ்வரலாற்றின் அதிகாரத் தலைப்புகளாகின்றன. அவற்றினுள்ளே செல்லும் எண்ணிறந்த மின்கம்பிகளை ஒன்றுசேர்த்துக் கட்டிய கயிறு எவர் கவனத்தையும் பெறுவதில்லை. ஆயின், எக்காலத்தில் எக்கயிறு தெரிந்தெடுக்கப்பட்டது, யாது காரணத்தால் அது போதாதெனக் கருதப்பட்டது என ஆராயுமிடத்து, அவ்வக் காலப் பொறியியலாளர் எதற்கு அஞ்சினர் என்பது புலனாகும். இதனைச் சுருக்கமாக எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1876இல் கிரகம் பெல் தொலைபேசிக்கான ஆக்கவுரிமையைப் பெற்றார். 1878இல் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலே வணிக முறையிலான தொலைபேசி இணைப்பு நிலையம் தொடங்கப்பெற்றது. இத்தகைய நிலையங்களிற் சந்தாதாரர் தொகை பெருக, இணைப்புப் பலகைகளின் பின்புறத்தே கம்பிகளும் பெருகின. பழுதுற்ற கம்பியைத் தேடிக் காண்பதற்கு அவை ஒழுங்குபட நிற்றல் வேண்டும். ஒவ்வொன்றும் உரிய இடத்திற் கிளைத்துச் செல்லுதலும் வேண்டும். இத்தேவையை நிறைவேற்றியது மெழுகூட்டிய லினன் கயிறாகும். கட்டினைச் சுற்றிவந்த கயிற்றை அதன் அடியிலேயே செலுத்தி இறுக்கி, அடுத்த சுற்றுக்குக் கொண்டுசெல்லும் முறை மாலுமிகளிடமிருந்து வந்தது. ஒவ்வொரு சுற்றும் தன்னளவில் இறுகி நிற்பதே அதன் சிறப்பு. மெழுகின் பணி இருவகைப்பட்டது: ஒன்று, முடிச்சு வழுக்காது நிற்கச் செய்தல்; மற்றையது, நாரினுள் ஈரம் புகுவதைக் குறைத்தல்.

இரண்டாம் பணியில் மெழுகுக்கும் ஓர் எல்லை உண்டென்பதை இரண்டாம் உலகப்போர் உணர்த்திற்று. மிதவெப்ப நாடுகளில் ஆக்கப்பட்ட வானொலிக் கருவிகள் பசிபிக் தீவுகளின் வெப்பத்திலும் ஈரத்திலும் பழுதுற்றன. பருத்தி, லினன் முதலிய இயற்கை நார்கள் பங்கசுக்கு உணவாயின. 1938இல் டியூபொன்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய நைலோன் அவ்வாறு எளிதில் உக்குவதில்லை. ஆகவே, போருக்குப் பிற்பட்ட காலத்தில் நைலோன் இழைகளைப் பின்னி மெழுகூட்டிய கயிறு லினனின் இடத்தைப் பெறலாயிற்று. பின்னலைத் தட்டையாக்கியபோது மற்றுமொரு நன்மை விளைந்தது. உருண்டைக் கயிறு மென்மையான காவலுறையினுள் அழுந்திப் பதியும்; தட்டைக் கயிறோ அழுத்தத்தைப் பரப்பிவிடும்.

இக்கயிற்றினை இறுக்கிய கைகளையும் வரலாறு மறத்தலாகாது. 1956இல் மோரஸ் லோகன் என்பவர் போயிங் வானூர்தித் தொழிற்சாலையைப் பார்வையிட்டார். அங்கே நீண்ட பலகைகளின்மீது கம்பிகளைப் பரப்பி, மெழுகூட்டிய நைலோன் கயிற்றை விரலிற் சுற்றி இழுத்துத் தொழிலாளர் முடிச்சிட்டனர். கயிறு விரல்களை அறுத்தது. நாளடைவிலே தோல் தடித்துக் காய்த்துப்போயிற்று. இதனைக் கண்ட லோகன், தாம் பணியாற்றிய தோமஸ் அன்ட் பெற்ஸ் நிறுவனத்தின் சார்பில், கம்பிகளைக் கட்டும் பட்டியொன்றை உருவாக்கி, 1958இல் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று எங்கும் காணப்படும் பிளாத்திக்குக் கட்டுப்பட்டியின் தோற்றம் இதுவே.

இத்துடன் கயிற்றின் காலம் முடிந்ததென எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழவில்லை. பட்டியின் தலைப்பகுதி புடைத்து நிற்கும். வெட்டிய நுனி கூராயிருந்து அயற்கம்பியையும் பழுதுபார்ப்போர் கையையும் கீறும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் அதன் விளிம்பு காவலுறையை நசுக்கும். எடையும் இடமும் அருமையாகிய கலங்களில் இவை சிறு குறைகளல்ல.

1967 சனவரி 27இல் நிகழ்ந்த அப்பொலோ 1 தீவிபத்து மூன்று விண்வெளி வீரரின் உயிரைக் கவர்ந்தது. தூய ஒட்சிசன் நிரம்பிய அறையில் நைலோன் வலை முதலிய பொருள்கள் தீயைப் பரப்பின. அதன்பின் விண்கலத்தினுள் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளும் ‘எரியுமா?’ என்னும் வினாவுக்கு விடையளிக்க வேண்டியதாயிற்று. வெற்றிடம் வேறொரு வினாவை எழுப்பிற்று. அங்கே மெழுகின் ஆவி வெளியேறிக் கண்ணாடி வில்லைகளிற் படியக்கூடும். எனவே, 125 பாகை செல்சியசில் 24 மணித்தியாலம் வெற்றிடத்தில் வைத்துச் சோதிக்குமிடத்து, பொருளின் திணிவிழப்பு நூற்றுக்கு 1.0ஐயும், ஒடுங்கிப் படியும் பகுதி நூற்றுக்கு 0.1ஐயும் விஞ்சலாகாதென்ற அளவுகோல் வழக்கிற்கு வந்தது.

ஆகவே, எல்லாவற்றிலும் சிறந்த கயிறு என ஒன்றில்லை. நைலோன் வலியது, ஆயின் ஈரத்தை உறிஞ்சும். பொலியெஸ்தர் ஈரத்தை மிகக் குறைவாகவே ஏற்கும். ரெஃப்லோன் 260 பாகை வரையிலான வெப்பத்தைத் தாங்கும். ஆனால் அதன் வழுவழுப்பால் முடிச்சு நழுவும். கண்ணாடியிழை அதனினும் கூடிய வெப்பத்தைத் தாங்கும். மடிப்பும் உராய்வும் அதற்குப் பகை. மெழுகு முடிச்சினைப் பற்றும், வெப்பத்தில் இளகும். தெரிவு செய்வோர் முதலில் அறிய வேண்டியது கயிற்றின் பெயரையன்று, கட்டு நிற்கப்போகும் சூழலையே.

2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியோசிற்றி ஊர்தியின் கம்பிக்கட்டுகளிலும் கையால் இட்ட முடிச்சுகளைக் காணலாம். தொலைபேசி நிலையத்துத் தொழிலாளரின் கைத்திறன் பிறிதொரு கோள்வரை சென்றிருக்கின்றது. அத்திறனுக்கு விலையாகக் காய்த்துப்போன விரல்களும் தொழினுட்ப வரலாற்றின் சான்றுகளே என்பது மனங்கொள்ளத்தக்கது.