ஜீவனோபாயம் என்ற கட்டம்

ஸென்ஸஸ் அறிக்கைகளை நான் விமர்சகனாகப் படிக்கிறேன். ஒரு சமூகம் எதை வேலை என்று ஒப்புக்கொண்டது என்பதற்கு அவற்றைவிட வெளிப்படையான சாட்சி கிடையாது.

1911ல் பிரெஞ்சுக்காரர் பெர்த்தியோனின் திட்டம் இங்கே கையாளப்பட்டது. இந்தியத் தொழில்கள் 4 வகுப்புகள், 12 உட்பிரிவுகள், 55 வரிசைகள், 169 குழுக்கள் ஆயின. 55வது வரிசையில் பிச்சைக்காரர், நாடோடி, விலைமகளிர். 'உற்பத்தியற்றோர்' என்ற உட்பிரிவில் இவர்கள் அடக்கம். ஆட்சி மாறிய பிறகும் இந்த மனோபாவம் மாறவில்லை. 1961ல் வேலை செய்யாதோர் பட்டியலில், பிச்சைக்காரருக்கும் நாடோடிக்கும் பக்கத்தில், வருமான வழி தெரியாத 'சுயேச்சையான பெண்' உட்கார்த்தப்பட்டாள். சுயேச்சையான ஆண் என்று தனியாக யாரையும் சொல்லவில்லை.

கவரைப்பேட்டைப் பக்கத்தில் நாற்று நட்டு, களை பறித்து, அறுப்புக்குப் போய், மற்ற நாளில் மாட்டையும் அடுப்பையும் பார்த்த ஒருத்தியை வைத்துக்கொள்வோம். 1961 விதிப்படி, பருவத்தின் பெரும்பகுதி நாளைக்கு ஒரு மணிக்கு மேல் ஒழுங்காக உழைத்தால் அவள் தொழிலாளி. 1971ல் கேள்வி மாறிற்று: முக்கியமாக என்ன செய்கிறாய்? 'வீட்டு வேலை' என்று அவளோ அவளுக்காக வீட்டு ஆணோ சொன்னதும் வயல் வேலை இரண்டாம்பட்சமாயிற்று. அவள் தொழிலாளர் எண்ணிக்கையில் இல்லை. இந்தியாவில் 1961ல் சுமார் 6 கோடியாக இருந்த பெண் தொழிலாளர் 1971ல் 3 கோடி சொச்சம். இத்தனை பேர் பத்து வருஷத்தில் வேலையை விட்டுவிட்டார்கள் என்று வயலைப் பார்த்தவன் நம்பமாட்டான். 1981ல் 183 நாள் கோடு வந்தது. அதற்குக் குறைந்தால் ஓரத்துத் தொழிலாளி. 2011லும் ஆறு மாதக் கணக்குத்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாலு மாதம் ஒப்பந்தக் கூலியாகப் போய் நின்றுவிடும் அவள் பேத்தியும் ஓரத்தில்தான்.

1968ன் தேசியத் தொழில் வகைப்பாட்டில் கவிஞர், எழுத்தாளர், பத்திரிகையாளருக்கு 15ஆம் குழு. கணக்கெழுதுவோருக்கும் காசாளருக்கும் 33. பாங்க் குமாஸ்தாவான எனக்கு 33தான் பொருந்தும். இந்தப் பத்திரிகையில் எழுதும் வாத்தியார்களும் தபால் குமாஸ்தாக்களும் 15ல் வரமாட்டார்கள். சம்பளம் வராத வேலை வேலையில்லை என்ற அதே தர்க்கம். ஆனால் விடுபட்டதால் நமக்கு நஷ்டமில்லை. அவள் விடுபட்டால் கூலிக்கும் திட்டத்துக்கும் ஆதாரமான எண்ணிலிருந்தே விடுபடுகிறாள்.

நம் நவீனக் கதைகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படிக்க வேண்டும் என்று படுகிறது. ஆணின் ஆபீஸ் விஸ்தாரமாக வருகிறது. மனைவி காபி கொண்டுவருகிறாள், அவ்வளவுதான். அவள் பகலில் என்ன செய்தாள் என்று ஸென்ஸஸாவது ஒரு கேள்வி கேட்டது. நாம் அதைக்கூடக் கேட்கவில்லை.