ஏழாவது வீட்டு விளக்கு

அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர், பேச்சு முடிந்த கையோடு ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட்டி வருவார். அந்த மனுஷன் கூரை, குழாய் எல்லாம் பார்த்துவிட்டு வாசலுக்கு வருவார். ஸ்விட்ச்சைத் தட்டினால் வெளிவிளக்கு எரிகிறதா? சுவரில் ஆடாமல் நிற்கிறதா? மழைத்தண்ணீர் உள்ளே இறங்குமா? துரு? பிய்ந்த ஒயர்? எல்லாம் ரிப்போர்ட்டில் ஏறும். பழுது இருந்தால், 'சரி பண்ணிக் கொடுங்க' என்று பேரம் ஆரம்பம்!

இன்றைக்கு அது வீட்டுக்காரர் தலைவலி. முந்நூறு வருஷங்களுக்கு முன் நியூயார்க்கில் வாசல் விளக்கு என்பது ஊர்ப் பொது விஷயம்.

தெருவிளக்கு என்று தனியாக ஒன்று இல்லாத காலம். 1697ல் நகராட்சி ஓர் உத்தரவு போட்டது. தெருவைப் பார்த்த வீடுகள் எல்லாம் ஜன்னலில் விளக்கு வைக்கவேண்டும். அதே வருஷம் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். நிலா இல்லாத நாட்களில், ஏழு வீட்டுக்கு ஒரு வீட்டின் முன்னால் கம்பு நட்டு, மெழுகுவர்த்தி லாந்தர் தொங்கினால் போதும். செலவை ஏழு பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். காமர்ஸ் படித்தவனான எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நம்ம அப்பார்ட்மென்ட் மெயின்டனன்ஸுக்குக் கொள்ளுத்தாத்தா!

ஆனால் கதை இங்கே முடியவில்லை.

1711ல் அதே ஊரின் வால் ஸ்ட்ரீட்டில் அடிமைச் சந்தை தொடங்கியது. அடுத்த வருஷம் ஏப்ரலில் அடிமைகள் சிலர் பொறுக்க முடியாமல் கிளர்ந்தார்கள். ஒரு கட்டடத்துக்குத் தீ வைத்து, அணைக்க ஓடிவந்தவர்களைத் தாக்கினார்கள். ஒன்பது வெள்ளையர்கள் செத்தார்கள். பதிலுக்குச் சுமார் இருபது அடிமைகளின் உயிர் பறிக்கப்பட்டது.

பயந்துபோன நகராட்சி 1713ல் ஒரு லாந்தர் சட்டம் கொண்டுவந்தது. பதினாலு வயதைத் தாண்டிய கறுப்பின, செவ்விந்திய அடிமை எவரும், சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, கையில் எரியும் விளக்கு இல்லாமல் தனியாகத் தெருவில் நடக்கக் கூடாது. நடந்தால் யார் வேண்டுமானாலும் பிடித்துக் கொடுக்கலாம். சிறை, கசையடி!

யோசித்துப் பாருங்கள். ஏழாவது வீட்டு விளக்கு, நடப்பவருக்கு வழி தெரிவதற்காக. அடிமை கையில் இருந்த விளக்கு, அவர் எங்கே போகிறார் என்று மற்றவர்களுக்குத் தெரிவதற்காக. அதே மெழுகுவர்த்திதான்!

1760களில் வரிப்பணத்தில் கம்பம் நட்டுத் தெருவிளக்கு போட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பொறுப்பு போனது. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை ஒழிய 1827 ஆனது.

இன்ஸ்பெக்டர், 'எரியுதா?' என்று மட்டும்தான் பார்ப்பார். யாருக்காக எரிகிறது என்று சரித்திரம்தான் பார்க்கவேண்டும்.