கைலியில் ஓர் ஊரின் பெயர்

கட்டம் போட்ட கைலி இல்லாத வீடு நம் தோட்டங்களில் அரிது. மலாய்க்காரர் அதைக் 'காயின் பெலிக்காட்' என்பர். பெலிக்காட் என்பது ஓர் ஊர். சென்னைக்கு வடக்கே, ஏரிக்கரையில் உள்ள நம் பழவேற்காடுதான் அது! 1613-இல் டச்சுக்காரர் அங்கே கோட்டை கட்டினர். சோழமண்டலக் கரைத் துணிமேல் அவர்களுக்கு அவ்வளவு கண். கீழைத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க அத்துணியே பணமாக உதவியது.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றம் அமைத்தார். அக்கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர் பலர் இங்கு வந்தனர். ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்கள் கொண்டுவந்த சரக்குகளில் துணி முக்கியமானது. நம் வரலாறு பால்மரத்தடியில் தொடங்கியதாக நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறோம். அது சரியன்று. கரும்புக்கும் ரப்பருக்கும் நம் முன்னோர் கப்பலேறுமுன்பே நம் நெசவாளரின் தறித்துணி இங்கே வந்துவிட்டது.

இன்று விற்கும் கைலிகளில் பல ஆலைத்துணி, பெயர்தான் பழையது. ஆனாலும் மூட்டுவது நம் கைவேலையே. இரு முனைகளையும் கட்டத்தோடு கட்டம் பொருந்த வைத்து, ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைச் சற்றுப் பின்வாங்கித் தைத்தால் மூட்டு எளிதில் பிரியாது. பழங்கைலியில் நைந்த இடத்தை வெட்டிவிட்டு, கெட்டியான பகுதியில் தலையணை உறையோ கடைக்குப் போகும் பையோ தைக்கலாம். குழந்தையின் தொட்டிலுக்கு மட்டும் புதுக்கைலியே வேண்டும். நைந்த துணி பாரம் தாங்காது.